ஏரிக்கு அடியில் ஒரு பிரபு

அயர்லாந்தின் லாக் கர் ஏரியைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் படம் பிடித்துக்கொண்டு போவது பர்ச்சியர் கோட்டையை. ஐந்து மாடி உயரக் கல் கோபுரம், எதிரே தண்ணீர், பின்னால் குன்று. யார் எடுத்தாலும் படம் நன்றாக வரும். ஆனால் அந்த ஏரியைச் சுற்றி எழுந்த கதைகளின் நாயகனுக்கும் அந்தக் கோபுரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவன் காணாமல் போய்க் கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் ஆன பிறகு ஊருக்கு வந்த ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது அது. கதைக்குரிய இடம் இன்னும் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. கருங்கோட்டை என்று சொல்கிறார்கள். மரமும் ஐவிக் கொடியும் மூடி, சுவர் எது பாறை எது என்று தெரியாத அளவுக்குச் சிதைந்து கிடக்கிறது. படத்தில் ஒன்றும் விழாது.

லிமரிக் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். பால்மாடுகளும் பச்சை வயல்களும் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத அயர்லாந்துக் கிராமப்புறம். குதிரை லாட வடிவத்தில் வளைந்து கிடக்கிறது ஏரி. அந்த வளைவுக்குள் நாக்கடூன் என்ற குன்று. ஒரு காலத்தில் இந்தக் குன்று ஏறக்குறைய தீவாகவே இருந்தது. உள்ளே போக ஒடுக்கமான வழிகள்தான், அவற்றைக் காக்கத்தான் இந்த இரண்டு கோட்டைகளும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வாய்க்கால் வெட்டி ஏரியை வடித்தார்கள். நீர்மட்டம் இறங்கியதும் கரையோரச் சேற்றிலிருந்து கற்கோடரி, வெண்கல ஆயுதம், எலும்பு என்று ஏதேதோ வெளியே வந்தன. இந்தப் பகுதியில் கிடைத்த வெண்கலக் கேடயம் ஒன்று டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 70 செ.மீ. அகலம், வட்ட வட்டமாகப் புடைத்த வரிகள், 2,500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை. பக்கத்திலேயே கிரேஞ்ச் என்ற இடத்தில் 113 கற்கள் நிற்கும் கல்வட்டம். 1936 முதல் தொல்லியலாளர் ஷான் ஓ ரீர்தான் இங்கே ஆண்டுக்கணக்கில் தோண்டிப் புதிய கற்கால வீடுகளின் அடித்தளங்களைக் கண்டெடுத்தார்.

இதெல்லாம் பார்வையாளர் மையத்திலேயே சொல்லிவிடுவார்கள். எனக்கு அங்கே திரும்பத் திரும்பப் போகத் தோன்றியது கேடயத்துக்காக இல்லை, கதைக்காக.

கதை இப்படி. அயர்லாந்தின் தென்மேற்கில் இருந்த டெஸ்மண்ட் நாட்டின் முதல் பிரபு மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒருநாள் தண்ணீர் ஓரமாக நடந்து வருகிறார். கரையில் ஒரு பெண் குளித்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். பெயர் ஆன்யா, மானிடப் பெண் இல்லை. பின்னாலிருந்து மெல்லப் போய் அவளுடைய மேலங்கியை எடுத்துக்கொள்கிறார் பிரபு. அங்கி யார் கையில் இருக்கிறதோ அவர் வசம் அவள். வேறு வழியில்லாமல் அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கிறது. பெயர் கரோட். பிள்ளையை அவர் கையில் ஒப்படைக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறாள்: இவன் என்ன செய்தாலும் நீ வியப்புக் காட்டக் கூடாது.

சந்தனு மகாராஜாவும் கங்கையும் உங்களுக்கு நினைவுக்கு வந்திருப்பார்கள். எனக்கும் வந்தார்கள். அங்கே எதையும் கேள்வி கேட்கக் கூடாது, இங்கே எதற்கும் அசந்துபோகக் கூடாது. இரண்டிலும் நீரோடு சேர்ந்தவள் ஒருத்தி, வாக்கை மறக்கும் அரசன், கையில் மிஞ்சுகிற ஒரு பிள்ளை. ஆனால் சந்தனுவின் வாய் திறந்தது துக்கத்தால். இந்த மனிதர் வாயைத் திறந்தது ஒரு விருந்துக் கேளிக்கையில்.

கரோட் வளர்ந்து இளைஞனாகிவிட்டான். கோட்டையில் பெரிய விருந்து. வந்தவர்களில் ஒரு பெண் எழுந்து விருந்தினர், மேசை, பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே தாவாகத் தாவுகிறாள். பிறகு அதே தாவில் திரும்பி வருகிறாள். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. கிழப் பிரபு மகனைப் பார்த்து, உன்னால் இப்படி முடியுமா என்று கேட்கிறார். முடியாது என்கிறான் அவன். எழுந்து முயற்சியாவது செய், ஒரு பெண்ணிடம் தோற்காதே என்று சீண்டுகிறார். கரோட் எழுகிறான். மேசையில் இருந்த ஒரு புட்டிக்குள் தாவி உள்ளே போகிறான், பிறகு தாவி வெளியே வருகிறான்.

அப்பா அசந்துபோகிறார். உனக்குள் இப்படி ஒரு சக்தி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லையே என்று சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான். வியக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, இனி நான் இங்கே இருக்க முடியாது என்று மகன் எழுந்து வெளியே நடக்கிறான். ஏரியில் கால் வைத்ததும் வாத்தாக மாறுகிறான். நீந்திப்போய் ஏரிக்குள் இருக்கும் தீவை அடைகிறான். அந்தத் தீவுக்கு இன்றும் அவன் பெயர்தான்.

அந்தப் புட்டி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மலையைத் தூக்கலாம், கடலைக் குடிக்கலாம், என்ன வேண்டுமானாலும் செய்ய வைத்திருக்கலாம் கதைசொல்லி. விருந்து மேசையில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த புட்டி போதும் என்று விட்டுவிட்டார். பாட்டி வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொல்லப்பட்ட கதை என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா?

ஏரிக்குள் போனவன் சாகவில்லை. தண்ணீருக்கு அடியில் அவனுக்குத் தனி உலகம் இருக்கிறது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளைக் குதிரையில் ஏறி, நிலா வெளிச்சத்தில் ஏரியைச் சுற்றி வருகிறான். குதிரைக்கு வெள்ளி லாடம். அந்த லாடங்கள் முழுவதும் தேய்ந்து தீர்கிற அன்று சாபம் நீங்கி மேலே வருவான்.

ஏழு ஆண்டுக் கணக்கில் இன்னொரு கதையும் இருக்கிறது, இது கொஞ்சம் பயமுறுத்தும். அந்தக் கெடு வரும்போது ஏரி முழுவதும் வற்றிவிடுமாம். அடித்தரையில் ஒரு மாய மரம் தெரியும், அதன் மேல் பச்சைத் துணி போர்த்தியிருக்கும். துணிக்குக் கீழே ஒரு கிழவி பின்னல் ஊசியோடு உட்கார்ந்து காவல் காப்பாள். ஒருமுறை ஒருவன் குதிரையில் பாய்ந்து வந்து துணியைப் பறித்துக்கொண்டு கரையை நோக்கி ஓட்டினான். கிழவி தண்ணீரை எழுப்பிக் கூவினாள். அலை துரத்தி வந்தது. கரையை அவன் தொடும் நேரத்தில் குதிரையின் பின்பாதியை நீர் கவ்விக்கொண்டது, துணியும் அதோடு போயிற்று. துணி மட்டும் கரை சேர்ந்திருந்தால் மாயம் அன்றே முடிந்திருக்கும் என்பார்கள்.

இவற்றையெல்லாம் 1879 வாக்கில் அச்சில் ஏற்றியவர் டேவிட் ஃபிட்ஸ்ஜெரால்ட். குடும்பப் பெயரைக் கவனியுங்கள், அந்த வட்டாரத்தில் அது அவ்வளவு சாதாரணம். அவர் எழுதும்போது ஏரியை நிஜமாகவே வடித்து முடித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். வடிந்த ஏரியின் சேற்றை நேரில் மிதித்தவர்கள், ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஏரி வற்றும் என்ற கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சரி, இந்த கரோட் யார்? கற்பனை ஆள் இல்லை. டெஸ்மண்டின் மூன்றாம் பிரபு ஜெரால்ட், 1335இல் பிறந்து 1398 வரை வாழ்ந்தவர். அயர்லாந்துக்காரர்கள் கரோட் ஈர்லா என்பார்கள். உண்மையான தாய் கெர்ரி பகுதியின் ஃபிட்ஸ்மாரிஸ் குடும்பத்துப் பெண். இவர் பிரபு ஆகியிருக்கவே வேண்டியதில்லை. அண்ணன் 1358இல் கடலில் மூழ்கிப் போனதால் பட்டம் இவரிடம் வந்தது. கொஞ்ச காலம் ஆங்கில அரசரின் சார்பில் அயர்லாந்தை நிர்வகிக்கும் பதவியிலும் இருந்தார்.

இங்கேதான் எனக்கு ஆர்வம் கூடியது. ஃபிட்ஸ்ஜெரால்டுகள் 1169இல் கப்பலில் வந்து இறங்கிய நார்மன் படையோடு வந்தவர்கள், பச்சையாகச் சொன்னால் ஆக்கிரமிப்பாளர்கள். 1366இல் கில்கென்னியில் ஆங்கில ஆட்சி ஒரு சட்டம் போட்டது. ஆங்கில வம்சத்தவர் ஐரிஷ் மொழி பேசக் கூடாது, ஐரிஷ்காரர்களோடு மணஉறவு கூடாது, அவர்கள் வீட்டில் பிள்ளையை வளர்க்க விடக் கூடாது. அடுத்த ஆண்டே நிர்வாகப் பொறுப்புக்கு வந்தவர் இந்த ஜெரால்ட். அவரோ ஐரிஷ் மொழியில் கவிதை எழுதிக்கொண்டிருந்தார்! முப்பதுக்குக் குறையாத கவிதைகள் ஃபெர்மாய்ச் சுவடி என்ற பழைய ஐரிஷ் கையெழுத்துத் தொகுப்பில் இன்றும் இருக்கின்றன. 1370இல் ஏரியிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு மடாலயத்தின் அருகே ஓ பிரையன் என்ற ஐரிஷ் குலத்தாரிடம் போரில் தோற்றுச் சிறைப்பட்டார். சிறையில் இருந்தபோதும் எழுதினார். பிறகு 1388இல், தம்மைச் சிறைவைத்த அதே ஓ பிரையன் குலத்தாரிடமே தம் மகனை வளர்க்கக் கொடுக்க அரசரிடம் தனி அனுமதி வாங்கினார். சட்டம் ஒரு பக்கம், அவர் வாழ்க்கை ஒரு பக்கம்.

அவருடைய கவிதைகளில் மிகப் பெயர் பெற்றது ஒன்று, பெண்களைப் பழித்துப் பேசுகிறவனுக்குக் கேடுதான் என்று தொடங்கும். கதையில் மகனைப் பார்த்து, ஒரு பெண்ணிடம் தோற்காதே என்று சீண்டும் அப்பாவை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கதைசொல்லிகளுக்குக் கவிதை தெரிந்திருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. இரண்டும் பொருந்துகின்றன, அவ்வளவே.

ஆன்யா கதை இன்னும் பழையது. நார்மன்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னால் எழுந்த ஒரு கதையில், மன்ஸ்டர் நாட்டு அரசன் அலில் தன் புல்வெளி இரவோடிரவாக மொட்டையாவதைப் பார்க்கிறான். காரணம் அறிய, ஆன்யாவின் குன்றான நாக்கெய்னிக்கு இரவில் போகிறான். இது லாக் கர் ஏரிக்குப் பக்கத்திலேயே, காரில் பதினைந்து நிமிடத்துக்குள் போய்விடலாம். அங்கே அவளுடைய தந்தை கொல்லப்படுகிறார். அரசன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். அவள் அவன் காதைச் சதையோடு கடித்துக் குதறிவிடுகிறாள். உடல் ஊனப்பட்டவன் அரசனாக இருக்கத் தகுதியில்லை என்பது அந்தக் கால நம்பிக்கை. ஆக, அவனைத் தண்டித்தாயிற்று. ஆனால் மன்ஸ்டரை ஆண்ட குலங்கள் அதே அலிலைத்தான் தங்கள் மூதாதை என்று உரிமை கொண்டாடின.

நிலத்தின் தேவியோடு சேர்ந்தவனே அந்த நிலத்தின் அரசன் என்பது பழைய ஐரிஷ் நினைப்பு. கரோட் காலத்துப் பெரும்புலவர் கோஃப்ரி ஓ டாலி, கரோட்டின் தந்தையை ஆன்யாவின் அரசன் என்றே பாடினார். பரிசில் வாங்குகிற புலவர் பாடுகிற வழக்கமான புகழ்ச்சி. ஆனால் அது அரண்மனையோடு நிற்கவில்லை. ஊர் வாயில் விழுந்து, அங்கியும் குளியலும் புட்டியும் சேர்ந்து முழுக்கதை ஆகிவிட்டது. இரண்டு நூற்றாண்டு முன்னால் வந்திறங்கிய குடும்பத்துக்கு உள்ளூர் தெய்வத்தைத் தாயாக்கிவிட்டார்கள். அதே நேரம் அந்தக் குடும்பத்தை முழுசாக மன்னிக்கவும் இல்லை. அங்கியைத் திருடியது திருட்டுத்தான். அதனால்தான் பிள்ளை அப்பாவிடம் தங்குவதில்லை, அம்மாவின் தண்ணீருக்கே போய்விடுகிறது. என் வாசிப்பில் இந்தக் கதை பிரபுவைவிட ஆன்யாவுக்குத்தான் விசுவாசமானது.

கோட்டைகளின் கதை சுருக்கமானது, கசப்பானது. 1573இல் கரோட்டின் வழித்தோன்றலான இன்னொரு ஜெரால்ட், எலிசபெத் ராணியின் காவலிலிருந்து டப்ளினில் தப்பி இங்கேதான் வந்தார். லாக் கரில் ஆங்கில உடையைக் கழற்றிவிட்டு மனைவியோடு ஐரிஷ் உடை உடுத்திக்கொண்டார் என்று அப்போதைய பதிவுகள் சொல்கின்றன. அது ஒரு கலக அறிவிப்புக்குச் சமம். அடுத்த பத்து ஆண்டுக்குள் போர், பஞ்சம், வயல்களை எரிப்பது எல்லாம் நடந்து முடிந்து, 1583 நவம்பரில் கெர்ரிக் காட்டில் அவரைக் கொன்றார்கள். தலை லண்டனுக்குப் போயிற்று. நிலம் பறிமுதலாகி, லாக் கர் ஜார்ஜ் பர்ச்சியர் கைக்கு வந்தது. அவர் வாரிசுகளுக்குப் பிறகு ஃபேன் குடும்பம், பிறகு டி சாலிஸ் குடும்பம்.

பட்டா இத்தனை பேர் மாறியும் ஊரார் கணக்கில் ஏரி கரோட்டுடையதுதான். வாடகை கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், உண்மையான வீட்டுக்காரர் தண்ணீருக்கு அடியில் இருக்கிறார், ஏழு ஆண்டுக்கு ஒருமுறை எல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று குத்தகைக்காரக் குடியானவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பர்ச்சியர் கோபுரம் இவ்வளவு கண்ணுக்கு எடுப்பாக நின்றும் அவரைப் பற்றி இப்படி ஒரு கதை பிறக்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் கட்டடம் கட்டினார், இந்த ஊர் மொழியில் பாட்டுக் கட்டவில்லை.

நாக்கெய்னியில் ஆன்யாவுக்கு நடந்த விழா 19ஆம் நூற்றாண்டிலும் நடந்திருக்கிறது. ஜூன் 23 இரவு, யோவான் திருநாளுக்கு முந்திய நாள். வைக்கோல் கட்டுகளைக் கம்பில் சொருகித் தீ மூட்டி, ஆண்கள் குன்றைச் சுற்றி வருவார்கள். பிறகு அந்தத் தீவட்டிகளோடு வயல்களுக்குள்ளும் மாடுகளுக்கு நடுவிலும் ஓடுவார்கள், விளைச்சலும் கறவையும் பெருகும் என்று. ஒரு வருடம் ஊரில் சாவு விழுந்ததால் யாரும் தீ ஏற்றவில்லை. ஆனால் அன்று இரவு குன்றைச் சுற்றி முன்னெப்போதும் இல்லாத அளவுக்குத் தீவட்டிகள் போயின, முன்னால் நடந்தவள் ஆன்யாவே.

இன்னொரு வருடம் சில பெண்கள் விழா முடிந்தும் குன்றிலேயே தங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆன்யா அவர்கள் நடுவே தோன்றினாள். எனக்கு மரியாதை செய்ததற்கு நன்றி, இனி வீட்டுக்குப் போங்கள், எங்களுக்குக் குன்று வேண்டும் என்றாள். எங்களுக்கு என்றால் யாருக்கு? ஒரு மோதிரத்தை எடுத்து அதன் வழியாகப் பார்க்கச் சொன்னாள். குன்று முழுக்க ஆட்கள். திட்டவில்லை, சபிக்கவில்லை, அடுத்த கூட்டம் காத்திருக்கிறது என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினாள். எனக்குத் தெரிந்த தேவதைகளிலேயே பழகுவதற்கு இனியவள் இவள்தான்.

லிமரிக்காரர்களிடம் இந்தக் கதையைப் பற்றிப் பேசும்போது கில்டேர் மாவட்டத்தின் பெயரை எடுத்தால் கொஞ்சம் உஷ்ணம் ஏறும். ஏனென்றால் கில்டேருக்கும் ஒரு ஜெரால்ட் உண்டு. அதே ஃபிட்ஸ்ஜெரால்ட் வம்சத்தின் இன்னொரு கிளை, 11ஆம் கில்டேர் பிரபு, மந்திரவாதிப் பிரபு என்று பெயர் எடுத்தவர். இளமையில் உயிர் தப்பி இத்தாலிக்கு ஓடி அங்கே படித்து வளர்ந்தவர். அதுவே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கும். 1866இல் பேட்ரிக் கென்னடி அச்சிட்ட கதையில், மனைவி கெஞ்சியதால் பிரபு சிறு பறவையாக மாறுகிறார். பயந்துவிடாதே என்று முன்பே எச்சரித்திருந்தார். பருந்து ஒன்று பாய்ந்து வருகிறது, அவள் அலறுகிறாள், கதை முடிந்தது. அவரும் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கில்டேரின் கர்ரா சமவெளியைச் சுற்றுகிறார். அவர் குதிரைக்கும் வெள்ளி லாடம். அரை அங்குலக் கனம் இருந்த அந்த லாடங்கள் பூனையின் காது அளவுக்குத் தேய்ந்ததும் திரும்பி வந்து அயர்லாந்தை ஆள்வார்.

எது முதல் கதை, எது நகல்? அச்சில் கில்டேர் முந்திக்கொண்டது. ஆள் கணக்கில் லிமரிக் முந்துகிறது. என் ஓட்டு லிமரிக்குக்கே. கில்டேர் பிரபு கெட்டிக்காரர், வித்தை கற்று வந்தவர், ஆனால் அந்தக் கதையில் ஆன்யா இல்லை. அவள் இல்லாமல் எஞ்சுவது ஒரு மந்திரவாதியும் பயந்த மனைவியும்தான். அப்புறம், லாடக் கணக்கும் லிமரிக் பக்கமே. கரோட் மறைந்தது 1398இல், கில்டேர்காரர் இறந்தது 1585இல். இடைவெளி 187 ஆண்டு. ஏழால் வகுத்துப் பாருங்கள், லாக் கர் குதிரை 26 சுற்று முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. சமவெளியின் புல்தரை வெள்ளியைத் தேய்க்காது என்று ஒரு வாதம் வைத்தால் இடைவெளி இன்னும் கூடும்.